முதுமையும் சிறுகுடற் காவலும்

(ரஹாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொழுது விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் சென்று, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, களைத்துத் திரும்பிய பின்னரும் எங்கள் சொற்களைக் கேட்க இத்துணைப் பேர் கூடியிருக்கின்றீர்கள். உங்கள் ஓய்வு நேரத்தின் அருமையை நாங்கள் அறிவோம். ஆகவே, உங்கள் வீட்டிலுள்ள முதியோரின் உயிரோடு தொடர்புடைய ஒரு செய்தியை மட்டும் இன்று கூற விரும்புகின்றோம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். நாற்பது ஆண்டுகள் மரம் சீவிய ஓர் அம்மையார், எழுபதைக் கடந்தவர், மகனுடனும் மருமகளுடனும் வாழ்ந்து வந்தார். ஒரு நாள் அவருக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. மருமகள் வேலைக்குப் போகாமல் நின்றபோது, "வயதானால் வயிறு இப்படித்தான் அம்மா. நீ வேலைக்குப் போ. ஒரு நாள் சம்பளத்தை ஏன் விடவேண்டும்?" என்று அவரே அனுப்பி வைத்தார். மேலும் போகுமே என்று அஞ்சித் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார். மறுநாளும் அவ்வாறே கழிந்தது. மூன்றாம் நாள் காலையில் அவரை எழுப்பியபோது பேச்சுக் குழறியது. முதல் நாள் மாலையிலிருந்தே சிறுநீர் பிரியவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அம்மையார் வீடு திரும்பவில்லை.

"வயதானால் வயிறு இப்படித்தான்." இச்சொற்களை உங்கள் இல்லங்களிலும் கேட்டிருப்பீர்கள். இவற்றில் பாதி உண்மை உண்டு. பாதி பெரும் பிழை. வயது முதிரும்போது வயிற்றின் காவல் தளர்வது உண்மை. ஆனால் காவல் தளர்ந்துவிட்டது என்று தெரிந்தபின் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு உறங்குவோர் உண்டோ? தளர்ந்த காவலுக்குத் துணைக் காவல் வேண்டும் என்பதன்றோ அறிவுடைமை! அதனை விளக்குவதே எங்கள் நோக்கம்.

முதலில் சிறுகுடலைப் பற்றிச் சில சொற்கள். இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் இடையே ஏறத்தாழ இருபது அடி நீளமுள்ள குழாயாகச் சிறுகுடல் சுருண்டு கிடக்கின்றது. நாம் உண்ணும் சோறும், குழம்பும், பருகும் நீரும் இங்கேதான் செரித்து உடலுக்குள் செல்கின்றன. இதன் உட்புறம் துவாலைத் துணியைப் போன்றது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய விரல்கள் இலட்சக்கணக்கில் நீட்டிக் கொண்டிருக்கின்றன. அவ்விரல்களைப் போர்த்தியிருப்பது ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள். ஒரு புறம் கிருமிகளும் உணவும் கலந்த கலவை; மறு புறம் நம் இரத்தம். இடையே உள்ள வேலி அவ்வொற்றை அடுக்கு மட்டுமே.

இத்துணை மெல்லிய வேலி எவ்வாறு தாங்குகின்றது? தன்னை இடைவிடாது புதுப்பித்துக் கொள்வதால் தாங்குகின்றது. மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் பழைய உயிரணுக்கள் உதிர்ந்து புதியவை அவ்விடத்தை நிரப்பிவிடுகின்றன. இதனை விளங்கிக்கொள்ள நீங்கள் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் கையாளும் இரப்பர் மரத்தையே நினைத்துப் பாருங்கள். நீங்கள் சீவிய பட்டை மீண்டும் வளர்கின்றதே, அது எதனால்? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வளர்படலம் ஒன்று இருப்பதனால். அப்படலத்தில் கத்தி படாதவரை மரம் தன்னை ஆற்றிக் கொள்ளும். கத்தி ஆழமாகப் பட்டுக் கட்டையைத் தொட்டுவிட்டால், அவ்விடத்தில் முண்டும் முடிச்சுமாகப் பட்டை வளருமேயன்றிப் பழைய செம்மை வாராது. சிறுகுடலிலும் அத்தகைய வளர்ச்சிக்குரிய மூல உயிரணுக்கள் உள்ளன. விரல்களுக்கு இடையேயுள்ள சிறு குழிகளின் அடியில் அவை இருக்கின்றன.

அக்குழிகளிலே, மூல உயிரணுக்களுக்குத் தோளோடு தோளாக நிற்கின்றனர் காவலர் சிலர். அவர்களுக்குப் பேனத் உயிரணுக்கள் என்று பெயர். 1872ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் சுவால்பே இவற்றை முதலில் விவரித்தார். 1888இல் வியன்னா நகரத்து அறிஞர் யோசப் பேனத் இவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதியதால் அவர் பெயரே நிலைத்தது. இக்காவலர் கிருமிகளைக் கொல்லும் மருந்துகளைத் தாமே ஆக்கிக் குழிக்குள் சொரிகின்றனர். அவற்றுள் ஒன்று லைசோசைம். பின்னாளில் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங்கே 1922இல் இதனைக் கண்ணீரிலும் மூக்குச் சளியிலும் கண்டறிந்தார். இன்னொன்று டிஃபென்சின், அது கிருமிகளின் மேலுறையைத் துளைத்து அழிக்க வல்லது. அத்தோடு நில்லாமல், அருகிலுள்ள மூல உயிரணுக்களுக்கு வளர்ச்சிக் குறிப்புகளை அனுப்பி ஊக்குவதும் பேனத் உயிரணுக்களின் கடமையே. காவலரும் அவரே; செவிலியரும் அவரே.

இவர்கள் தனித்து நிற்பவரல்லர். கிண்ணம் போன்ற வடிவுடைய சில உயிரணுக்கள் வழவழப்பான சளியைச் சுரந்து குடலின் மேற்பரப்பைப் போர்த்துகின்றன. வேறு சில, உள்ளே வந்த கிருமியில் சிறிது எடுத்து, "இதோ பகைவன்" என்று உட்புறத்துப் படைக்குக் காட்டுகின்றன. வெள்ளணுக்கள் வேலியின் இடுக்குகளில் பதுங்கி நின்று ஊடுருவுவோரை மடக்குகின்றன. இப்படை முழுமையும் ஒழுங்காக இயங்கும்வரை, நாம் அறிந்தும் அறியாமலும் விழுங்கும் கிருமிகளுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாமல் மாய்கின்றன.

வயது ஏறும்போது நிகழ்வது யாது? 2019ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகர ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். முதிய எலிகளின் குடலில், பேனத் உயிரணுக்கள் நோட்டம் என்று பெயரிடப்பட்ட ஒரு பொருளை மிகுதியாகச் சுரக்கின்றன; அது மூல உயிரணுக்களுக்குரிய வளர்ச்சிக் குறிப்பைத் தடுத்து விடுகின்றது. ஊக்கமளித்த செவிலியே முதுமையில் "போதும், நில்" என்று கூறுவதைப் போன்றது இது. அதன் விளைவாக, குடலில் புண் நேர்ந்தால் ஆறுதற்கு நாள் கூடுதலாகின்றது. கிருமியை அடையாளம் காட்டும் உயிரணுக்களும் முதிய எலிகளில் குறைகின்றன என்று பிற ஆய்வுகள் கூறுகின்றன.

எலிக்கு நேர்வதெல்லாம் மனிதருக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. எனினும் மனிதரிடத்தும் சான்று உண்டு. ஜப்பானின் ஹொக்கைடோத் தீவில் நடைபெற்று 2022இல் வெளியான ஆய்வொன்றில், எழுபது வயதைக் கடந்தோரின் மலத்தில் பேனத் உயிரணுக்கள் சுரக்கும் டிஃபென்சின், அவர்களினும் இளையோரிடத்து இருந்ததைவிடக் குறைவாகக் காணப்பட்டது. காவலர் கையிலுள்ள படைக்கலம் குறைகின்றது என்பதே இதன் பொருள். இதனோடு வேறு தளர்ச்சிகளும் சேர்கின்றன. முதியோர் சிலருக்கு இரைப்பையின் அமிலம் குறைகின்றது. தாகவுணர்ச்சி மங்குகின்றது. சிறுநீரகம் நீரைச் சேமிக்கும் ஆற்றலும் குறைகின்றது. இளையவர் தாங்கிக்கொள்ளும் ஒரு நாள் வயிற்றுப்போக்கு, முதியவரை வீழ்த்துவது இதனாற்றான்.

தோழர்களே! இக்காவல் படையின் அருமையை நம் இனத்தின் வரலாறே காட்டுகின்றது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். உங்கள் பாட்டனாரோ, அவர் உடன்பிறந்தாரோ அவருள் ஒருவராக இருந்திருக்கலாம். 1943இல் வாந்திபேதி முகாம்களை அள்ளிக்கொண்டு போயிற்று. தூய நீரும், மருந்தும், கழிப்பிடமும் இல்லாத இடத்தில், இளைஞர் குடலின் காவலும் முறிந்து போயிற்று. அக்கொடுமையை நாம் மறத்தலாகாது.

அப்பாதையில் உழைத்த பிரிட்டிஷ் போர்க்கைதிகளுள் பலர் உயிர் பிழைத்து ஊர் திரும்பினர். முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னர் லிவர்பூல் நகர வெப்பமண்டல நோய் மருத்துவர்கள் அவர்களைச் சோதித்தபோது, பலரின் சிறுகுடலில் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்னும் நுண்ணிய புழு இன்னும் வாழ்ந்து கொண்டிருப்பதைக் கண்டனர்! ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோலைத் துளைத்து ஏறும் புழு அது. குடலுக்குள் சென்றபின் அங்கேயே பெருகி, அதே உடலை மீண்டும் மீண்டும் பற்றும் ஆற்றல் உடையது. உடலின் காவல் ஓரளவு இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். காவல் முறிந்தாலோ, குடலைத் துளைத்துக்கொண்டு நுரையீரல் முதலிய உறுப்புகளுக்குப் பரவி உயிரைப் பறிக்கும்.

இங்கே கூடியிருக்கும் முதியோரில் எத்தனை பேர் இளமையில் வெறுங்காலோடு ஈரப் புல்லிலும் சேற்றிலும் மரம் சீவியவர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அடங்கிக் கிடக்கும் அப்புழுவின் காவலை முறிப்பதில் முதன்மையானது ஸ்டீராய்டு என்னும் மருந்து. மருத்துவர் தக்க காரணத்தோடு, அளவறிந்து தரும்போது அது உயிர் காக்கும். ஆனால் மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் கைகண்ட மருந்து என்று கூறி, பெயரும் பதிவும் தெளிவில்லாத மாத்திரைகளும் ஜாமுப் பொடிகளும் விற்கப்படுகின்றன. அத்தகைய பொருள்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதை நம் நாட்டுச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளனர். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று மகிழ்கின்றோம். வலியோடு காவலும் பறந்துவிட்டதை அறியோம். மருத்துவர் ஸ்டீராய்டு தர முற்படும்போது, "ஐயா, நான் இளமையில் வெறுங்காலோடு தோட்டத்தில் வேலை செய்தவன், புழுவுக்குச் சோதித்துப் பாருங்கள்" என்று கூறத் தயங்காதீர்கள். சோதனையும் உண்டு, குணமாக்கும் மருந்தும் உண்டு. நீண்ட நாள் ஸ்டீராய்டு உண்டவர் அதனைத் திடீரென்று நிறுத்துவதும் தீங்கு. மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

சாதாரண வலி மாத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றுள் பலவகை இரைப்பையையும் சிறுகுடலையும் புண்ணாக்கக் கூடியவை. பட்டையைச் சீவ வேண்டிய அளவுக்கு மேல் கத்தியை ஆழ இறக்குவதற்கு ஒப்பானது, முதிய வயதில் அவற்றை நாள்தோறும் தாமாகவே வாங்கி விழுங்குவது.

சரி, நோய் வந்துவிட்டால் செய்ய வேண்டியது யாது? இதற்கும் வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. 1971ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது, பல இலட்சம் அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்து சேர்ந்தனர். பொங்காவ் என்னும் எல்லை ஊரில் வாந்திபேதி பரவிற்று. ஊசி வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகாலநபிஸ் என்பார் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கத் துணிந்தார். உறவினர்களே குவளையில் மொண்டு நோயாளிகளுக்குக் கொடுத்தனர். நூற்றுக்கு முப்பது பேர் அளவில் மாண்டுகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவாயிற்று. சிறுகுடல் நோயுற்றிருக்கும்போதும், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் அவற்றோடு நீரையும் உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதே இதன் உட்பொருள். தண்ணீர் குடித்தால் மேலும் போகும் என்ற எண்ணம் தவறு. தண்ணீர் குடிக்காததாலேயே உயிர் போகின்றது.

மருந்துக்கடையிலும் அரசாங்க மருத்துவ நிலையத்திலும் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களை ஒவ்வொரு வீட்டிலும் வைத்திருங்கள். உறையில் குறித்துள்ள அளவு நீரில் கலந்து கொடுங்கள். அவை கிட்டாத வேளையில், காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். கரண்டியில் குவிக்காமல் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு மிகுதல் ஆகாது. சிறிது சிறிதாக, இடைவிடாமல் பருகச் செய்யுங்கள். இதய நோயும் சிறுநீரக நோயும் நீரிழிவும் உடையவர்களுக்கு இதனைத் தொடங்கும்போதே மருத்துவரையும் நாடுங்கள். நீர் பிரிவதற்கான மாத்திரையோ, இரத்த அழுத்த மாத்திரையோ, சர்க்கரை நோய் மாத்திரையோ உண்பவர், வயிற்றுப்போக்குள்ள நாளில் அவற்றை எவ்வாறு உண்பது என்பதை மருத்துவரிடம் கட்டாயம் கேட்கவேண்டும்.

முதியவருக்கு வயிற்றுப்போக்கு ஒரு நாளைக் கடந்தால் காத்திருக்க வேண்டாம். ஏழெட்டு மணி நேரம் சிறுநீர் பிரியாமை, நா வறளுதல், எழுந்தால் தலைசுற்றல், பேச்சுக் குழறல், காய்ச்சல், மலத்தில் இரத்தம், தார் போன்ற கருமலம் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அந்த நிமிடமே புறப்படுங்கள். சிரம்பானிலுள்ள துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை ரஹாங்கிற்கு அண்மையிலேயே உள்ளது. ஒரு நாள் சம்பளம் மறுநாள் வரும். தாயோ தந்தையோ மறுபடி வாரார்.

இனி, நோய் வாராமற் காத்தல். உள்ளே காவல் தளர்ந்தவருக்கு வெளிக்காவல் நாமே. குடிநீரைக் கொதிக்க வைத்து, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். காலையில் சமைத்து மாலைவரை மேசையில் இருந்த குழம்பு இளையவருக்கு ஒத்துக்கொண்டாலும் முதியவருக்கு நஞ்சாகலாம். விரைவில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, நன்கு சூடாக்கிப் பரிமாறுங்கள். கழிப்பறைக்குச் சென்றபின்னும், ஒட்டுப்பாலும் உரமும் தொட்ட பின்னும், சமைக்குமுன்னும் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். தோட்டத்திலும் வீட்டைச் சுற்றியும் காலணி இன்றி நடவாதீர்கள், பேரப்பிள்ளைகளையும் பழக்குங்கள்.

உணவைப் பற்றி நம் மாநிலமே உலகுக்கு ஒரு பாடம் கற்பித்திருக்கின்றது. நூறாண்டுகளுக்கு முன் பெரிபெரி நோய் தொழிலாளரை வாட்டிய காலத்தில், நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராயிருந்த பிராடன், புழுங்கலரிசி உண்ணும் தமிழரை அந்நோய் அரிதாகவே அணுகுவதைக் கவனித்து 1907இல் நூல் எழுதினார். அதே ஆண்டில் பிரேசரும் ஸ்டேன்டனும் ஜெலுபு வட்டாரத்து டுரியான் திப்புஸில் ஜாவானியத் தொழிலாளரிடையே ஆய்வு தொடங்கி, தீட்டிய வெள்ளரிசியை உண்டவருக்கே நோய் வருவதை நிறுவினர். ஏழையின் தட்டிலிருந்தது எளிய உணவாயினும் வலிய உணவு. இன்றும் அப்படியே. புழுங்கலரிசிச் சோறும், பருப்பும், கீரையும், மோரும், பழமும் குடலுக்கு உகந்தவை. கீரையிலும் பருப்பிலும் உள்ள நார்ப்பொருள் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை வளர்க்கின்றது; அவை குடலின் வேலிக்கு உணவாகும் பொருள்களை ஆக்கித் தருகின்றன. முதியவர் பல்லில்லை என்று தேநீரும் பிஸ்கட்டுமாகக் காலம் கழிப்பதை விடுத்து, இவற்றைக் குழைய வேகவைத்துக் கொடுங்கள்.

இறுதியாக, முதியோரிடம் ஒரு வேண்டுகோள். பெரியோர்களே! பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுக்கலாகாது என்று நோயை மறைக்கின்றீர்கள். அது அன்பினால் விளைவது, நாங்கள் அறிவோம். ஆனால் முதல் நாளில் சொன்னால் ஒரு பொட்டலம் உப்புநீரோடு தீர்வது, மூன்றாம் நாளில் சொன்னால் கண்ணீரோடு முடிகின்றது. சொல்வதே நீங்கள் பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி.

இளையோரே! மாலையில் வீடு திரும்பியதும், "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்பதோடு, "தண்ணீர் குடித்தீர்களா? வயிறு எப்படி இருக்கின்றது?" என்றும் கேளுங்கள். கிழட்டு மரத்தை எவ்வளவு இலேசாகச் சீவ வேண்டும் என்பதை நன்கறிந்த கைகள் உங்கள் கைகள். உங்களை வளர்த்த உடம்புகளிடத்தும் அக்கவனத்தைக் காட்டுங்கள்.

"வயதானால் வயிறு இப்படித்தான்" என்று இனி யாரேனும் சொன்னால், "ஆம், அதனாற்றான் இன்றே மருத்துவரிடம் போகின்றோம்" என்று விடை கூறுங்கள்.